அக்கா அறிவிப்பாளராக இருந்த கேசட்

வாசகர் கடிதம்

மதிப்புக்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவு இல்லை. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், என் அக்கா புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் இறந்துபோனாள். அன்று அணைத்த ரேடியோவை இன்று வரை ஒருவரும் தொடவில்லை.

எனக்கு வயது 48. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு. மஞ்சக்குப்பத்தில் எழுதுபொருள் கடை வைத்திருக்கிறேன். மனைவி, ஒரு மகன், 76 வயதான அம்மா ஆகியோர் உடன் இருக்கிறார்கள். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அக்காவுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, சிங்கப்பூரிலிருந்து வந்த பெரியப்பா ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பிறகு எங்கள் மாலைப்பொழுது முழுவதும் அந்தப் பெட்டியைச் சுற்றித்தான். மாலையில் புதுச்சேரி வானொலி. இரவில் இலங்கை வானொலி. கடல் தாண்டி வருவதால் அலை போலவே ஏறும், இறங்கும். நேயர் விருப்பத்துக்குப் பதினைந்து பைசா அஞ்சலட்டையில் எங்கள் இருவர் பெயரையும் எழுதி அனுப்பிக்கொண்டே இருப்போம். ஒரு தடவைகூட எங்கள் பெயரை வாசிக்கவில்லை. ஒருநாள் அதற்காக நான் தேம்பித் தேம்பி அழுதேன். அப்போது எனக்கு 11 வயது. அக்கா அந்தக் கேசட்டைத் தயாரித்தது அதற்காகத்தான்.

அது 60 நிமிடக் கேசட். வானொலியில் பாட்டு வரும்போது சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் ஒருசேர அமுக்கிப் பதிவு செய்வாள். பாட்டு முடிந்ததும் அவளே அறிவிப்பாளர். "இந்தப் பாடலை விரும்பிக் கேட்டிருப்பவர் கடலூர், திருப்பாதிரிப்புலியூரிலிருந்து..." என்று இழுத்து என் பெயரைச் சொல்வாள். அடுத்த பாட்டுக்கு அப்பா பெயர், அதற்கடுத்து அம்மா, பால்காரர், கடைசியில் எங்கள் நாயின் பெயர்கூட வரும். ஓர் அறிவிப்புக்கு நடுவில் மீட்டர்கேஜ் ரயில் ஊதிக்கொண்டு போகும். இன்னொன்றில் "பால் பொங்குகிறது பார்" என்று சமையலறையிலிருந்து அம்மா சத்தம் போடுவார். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் பதிவை நிறுத்திவிடுவாள். எல்லாம் முடிந்ததும் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளையும் பேனாக்கத்தியால் உடைத்தெடுத்தாள். "இனி இதன்மேல் யாரும் எதையும் பதிய முடியாது" என்றாள்.

மருத்துவமனையில் சேர்த்த மூன்றாம் நாள் இரவு அக்கா எனக்குப் போன் செய்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே, "தம்பி, அந்தக் கேசட் இருக்கிறதா? போனைப் பக்கத்தில் வைத்து ஒரு பாட்டுப் போடேன்" என்றாள். அவளுக்கு வேறு எங்காவது நல்ல ஆக்சிஜன் படுக்கை கிடைக்குமா என்று நான் ஒவ்வொருவராக அழைத்துக் கெஞ்சிக்கொண்டிருந்த நேரம் அது. "இப்போது பாட்டா முக்கியம், அக்கா? நாளைக்குப் போடுகிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். விடியற்காலையில் செயற்கை சுவாசக் கருவி பொருத்தினார்கள். அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட.

முகத்தைப் பார்க்க முடியவில்லை. மயானத்தில் நான்கு பேர் நின்றோம். அம்மாவை அழைத்துப்போகவில்லை. தெருவிலிருந்து ஒரு பெண்கூட வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழவில்லை. அன்றைய நிலைமை அப்படி. பதினாறாம் நாள் காரியத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு முடித்தோம். திங்கட்கிழமைதோறும் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய் ஓதுவார் பாடுவதைக் கேட்டுவிட்டு வரும் அம்மா, அதையும் நிறுத்திவிட்டார். மாவரைக்கும்போது மட்டும் ஏதோ முனகுவார். நான் உள்ளே போனால் அதையும் நிறுத்திவிடுவார்.

கேசட் என் கடையில், ரசீதுப் புத்தகங்களுக்கு அடியில் ஒரு டிபன் டப்பாவில் இருக்கிறது. அக்கா போன பிறகு அதை நான் போட்டுப் பார்த்ததில்லை. அதில் உள்ள பாட்டுகளில் ஒன்றை மட்டும், அக்காவின் பிறந்தநாளில், கடையைச் சாத்திய பிறகு செல்போனில் ஒரே ஒரு தடவை கேட்பேன். முதல் ஆண்டு இசை தொடங்கியதுமே அழுதுவிட்டேன். சென்ற ஆண்டு இரண்டாவது சரணத்தில்தான் கண் கலங்கியது. அது என்னைப் பயமுறுத்துகிறது. கேட்கக் கேட்க அக்கா அந்தப் பாட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுகிறாளோ? அதே சமயம், எதிர்பாராமல் கேட்டால் என்னால் தாங்க முடிவதில்லை. சில மாதங்களுக்கு முன் புதுச்சேரிக்குப் போகும் தனியார் பஸ்ஸில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். கிருமாம்பாக்கத்தில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் போனேன்.

இப்போது என் மருமகள், அக்காவின் ஒரே மகள், கேட்கிறாள். கல்யாணமாகிப் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்த பிள்ளை. அக்கா போனபோது அவளுக்கு 14 வயது, இப்போது 18. அப்பாவோடு இலாசுப்பேட்டையில் இருக்கிறாள். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவாள். அக்காவின் செல்போன் பழுதாகி, அதில் இருந்த குரல் பதிவுகள் எல்லாம் போய்விட்டன. போன மாதம், "மாமா, அம்மாவின் முகம் போட்டோவில் இருக்கிறது. குரல் எனக்கு மறந்துகொண்டே வருகிறது. நீங்கள் வைத்திருக்கும் கேசட்டைப் போட்டுக் காட்டுங்கள்" என்றாள். அதை எப்படித் தெரிந்துகொண்டாள் என்று தெரியவில்லை. அக்காதான் சொல்லியிருக்க வேண்டும்.

உறவினர் ஒருவர், "அதையெல்லாம் வைத்துக்கொண்டிருப்பதால்தான் வீடு இப்படி இருக்கிறது. தேவனாம்பட்டினத்தில் கடலில் விட்டுவிடு; அவளுக்கும் சாந்தி, உனக்கும் நிம்மதி" என்கிறார். கேசட்டைப் போட்டால் அம்மா தாங்குவாரா? பிள்ளை தாங்குவாளா? என்னால் ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. வழி சொல்லுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
கடலூர்.

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரருக்கு,

"தம்பி" என்று எழுதத்தான் கை போனது. அது உங்கள் அக்காவுக்கு உரிய சொல் என்பதால் நிறுத்திக்கொண்டேன்.

கேசட்டைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். அம்மாவைப் பற்றி இரண்டே வரி எழுதிவிட்டு வேகமாகக் கடந்துபோய்விட்டீர்கள். மாவரைக்கும்போது முனகுவார், நீங்கள் உள்ளே போனால் நிறுத்திவிடுவார். என்னால் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. நீங்கள் கடையைச் சாத்திக்கொண்டு பாட்டுக் கேட்கிறீர்கள். அம்மா கிரைண்டர் சத்தத்துக்குள் தன் பாட்டை ஒளித்துக்கொள்கிறார். அம்மா தாங்கமாட்டார் என்று நீங்கள் ரேடியோவைத் தொடுவதில்லை. மகன் தாங்கமாட்டான் என்று அவர் வாயை மூடிக்கொள்கிறார். ஒரே வீட்டில் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்து இரண்டு பேரும் தனித்தனியாக அழுதுகொண்டிருக்கிறீர்கள்.

இது உங்கள் தவறு இல்லை. நம் ஊரில் சாவு வீட்டில் பாட்டை நிறுத்துவதற்கு ஒரு முறை இருப்பதைப் போலவே, மறுபடி தொடங்குவதற்கும் ஒரு முறை உண்டு. கருமாதி முடிந்ததும் உறவினர்கள் புதுத்துணி எடுத்துக் கொடுத்து, சாப்பாடு போட்டு, "போதும், எழுந்திருங்கள், அடுத்த வேலையைப் பாருங்கள்" என்று சொல்வார்கள். துக்கத்தைக் கழிப்பது என்று அதற்குப் பெயர். அடுத்த பொங்கலுக்குள் பக்கத்து வீட்டுக் குழந்தைகளாவது வந்து டிவியைப் போட்டுவிடும். உங்கள் வீட்டுக்கு அப்படி யாரும் வரவில்லை. துக்கத்தைத் தொடங்கிவைக்கவும் ஆள் வரவில்லை, முடித்துவைக்கவும் ஆள் வரவில்லை. 2021-இல் எத்தனையோ வீடுகளில் இதுதான் நடந்தது. அணைத்த ரேடியோ அப்படியே இருப்பதில் எனக்கு வியப்பில்லை.

ஒப்பாரியை நினைத்துப் பாருங்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாடுவார்கள். இறந்தவரைப் பற்றிப் பாடுவதில்லை. அவரைப் பார்த்தே, "நீ" என்று கூப்பிட்டுப் பாடுவார்கள். வளர்த்ததைச் சொல்வார்கள், விட்டுவிட்டுப் போனதற்காகத் திட்டவும் செய்வார்கள். தாலாட்டின் மெட்டுக்கும் ஒப்பாரியின் மெட்டுக்கும் நெருங்கிய உறவு இருப்பதைக் கேட்டவர்கள் அறிவார்கள். ஆக, இந்த மண்ணில் இழப்புக்கு முதல் மருந்தாகப் பாட்டைத்தான் கொடுத்திருக்கிறார்கள். மகளைத் தாலாட்டித் தூங்கவைத்த உங்கள் அம்மாவுக்கு அந்த மகளைப் பாடி அனுப்பும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவர் முனகுவது என்ன பாட்டு என்று எனக்குத் தெரியாது. தேவாரமாக இருக்கலாம். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் பாடிக்கொண்டே கரையேறியதாகச் சொல்லப்படும் ஊரில் வாழ்கிறவர் அவர். சினிமாப் பாட்டாகவும் இருக்கலாம், அவரே கட்டியதாகவும் இருக்கலாம். எதுவானாலும், நான்கு ஆண்டுகளாக அவரை அதுதான் தாங்கிப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

கடலில் விட்டுவிடச் சொன்ன உறவினர் உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறார். அந்தக் கருத்து உளவியலிலும் வெகுகாலம் செல்வாக்கோடு இருந்தது. இறந்தவர் மீது வைத்த பற்றை மனம் மெல்ல மெல்ல விலக்கிக்கொள்வதுதான் துக்கத்தின் வேலை என்று உளவியல் முன்னோடி சிக்மண்ட் பிராய்டு 1917-இல் எழுதினார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1920 ஜனவரியில், அவருடைய மகள் சோபி ஹாம்பர்க் நகரில் இறந்தார். உலகத்தையே உலுக்கிய ஸ்பானிஷ் புளூ காய்ச்சலில்தான். வயது 26. வியன்னாவிலிருந்து மகளின் உடலைப் பார்க்கப் போகலாம் என்றால் ரயில் ஓடவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது. 1929 ஏப்ரலில், சோபி உயிரோடு இருந்திருந்தால் 36 வயது நிரம்பியிருக்கும் நாளில், மகனை இழந்த ஒரு நண்பருக்கு அவர் கடிதம் எழுதினார். துக்கத்தின் கடுமை தணியும், ஆனால் அந்த இடத்தை வேறு எதுவும் நிரப்பாது, அப்படித்தான் இருக்க வேண்டும், நாம் விட விரும்பாத அன்பைத் தொடர்வதற்கு அது ஒன்றே வழி என்பது அந்தக் கடிதத்தின் சாரம். ஒன்பது ஆண்டுகள் கழித்தும் அவர் மகளை விட்டுவிடவில்லை. இறந்தவரோடு உள்ள உறவு வடிவம் மாறித் தொடர்வது இயல்பானது, நோய் இல்லை என்ற கருத்து 1990-களிலிருந்து ஆய்வாளர்களிடையேயும் வலுவாக வேரூன்றிவிட்டது. கேசட்டைக் கடலில் விட வேண்டாம்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். கேட்கக் கேட்க அக்கா பாட்டிலிருந்து போய்விடுவாளோ என்று கேட்டீர்கள். ஆறுதலுக்காக "இல்லவே இல்லை" என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. கேசட்டில் உடைத்தெடுக்க இரண்டு துண்டுகள் இருந்தன. உடைத்துவிட்டால் அதன்மேல் எதுவும் பதியாது. மனித நினைவில் அந்தத் துண்டுகள் இல்லை. ஒரு நினைவை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அது கொஞ்சம் இளகுகிறது, அந்த நேரத்தின் சாயலைக் கொஞ்சம் ஏற்றுக்கொண்டுதான் திரும்பப் போய் அமர்கிறது. எனவே, நூறு தடவை கேட்டால் அந்தப் பாட்டில் 1988-ஆம் ஆண்டோடு இந்த நூறு மாலைகளும் சேரும். கூர்மை கொஞ்சம் மழுங்கும். அது உண்மை.

ஆனால், மழுங்கியது எது என்று பாருங்கள். முதல் ஆண்டு இசை தொடங்கியதுமே அழுதீர்கள். அப்படியென்றால் அந்த ஆண்டு நீங்கள் பாட்டைக் கேட்கவே இல்லை, மருத்துவமனையைத்தான் கேட்டீர்கள். சென்ற ஆண்டு முதல் சரணம் வரை கண் கலங்காமல் இருந்தீர்களே, அந்த நேரத்தில் மனம் எங்கே இருந்தது? டூ-இன்-ஒன்னின் முன்னால் உட்கார்ந்திருந்ததா? அக்கா சிரித்தாரா? அப்படி இருந்திருந்தால் அவர் பாட்டிலிருந்து போகவில்லை. அவருடைய கடைசி ஒரு வாரம் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டு, அதற்கு முந்தைய 49 ஆண்டுகளுக்கு இடம் விட்டிருக்கிறது. துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கம் ஒரு நேரம், அன்றாட வாழ்வின் பக்கம் ஒரு நேரம் என்று மாறி மாறிப் போய்வருவதுதான் ஆரோக்கியமான ஓட்டம் என்று மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் எடுத்துரைத்தார்கள். கண்ணீர் தாமதமாக வந்ததை மறதியின் கணக்கில் எழுதாதீர்கள்.

பஸ்ஸில் இறங்கிவிட்டதற்காக வெட்கப்படவும் வேண்டாம். பதின்பருவத்தையொட்டிக் கேட்ட பாட்டுகளோடு சொந்த நினைவுகள் மிக அழுத்தமாக ஒட்டிக்கொள்கின்றன. அப்படிப்பட்ட பாட்டைக் கேட்கும்போது நெற்றிக்குப் பின்னால், மூளையின் நடுப்பகுதியில், நம்மைப் பற்றிய நினைவுகளைக் கையாளும் பகுதி விழித்துக்கொள்வதை 2009-இல் பீட்டர் ஜனாட்டா என்ற ஆய்வாளர் படமெடுத்துக் காட்டினார். கடையில் நீங்களாகப் போட்டுக் கேட்கும்போது மனத்துக்கு முன்னறிவிப்பு இருக்கிறது. பஸ்ஸில் அது இல்லை. அவ்வளவுதான். ஆண்டுக்கு ஒரு தடவை என்று நீங்கள் போட்டிருக்கும் கட்டுப்பாடுதான் அந்தப் பாட்டை இத்தனை பயங்கரமானதாக வைத்திருக்கிறது என்றும் தோன்றுகிறது. மாதத்துக்கு ஒரு முறை கேளுங்கள். மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

மனைவி என்று சொன்னதற்குக் காரணம் அந்தப் போன் அழைப்பு. நான்கு ஆண்டுகளாக அதை யாரிடமும் சொல்லாமல் சுமந்திருக்கிறீர்கள். நீங்கள் செய்தது சரியா, தவறா என்று தீர்ப்பு எழுத எனக்குத் தகுதி இல்லை. ஒன்றை மட்டும் சொல்வேன். "நாளைக்குப் போடுகிறேன்" என்று சொன்ன மனிதருக்கு நாளை என்று ஒன்று இருந்தது. இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர் ஊர் முழுவதும் படுக்கை தேடிக்கொண்டிருந்தார். அந்த நாளை வரவில்லை என்று தெரிந்த மனிதர் வேறு. அவர் மறுநாள் விடிந்த பிறகுதான் பிறந்தார். பின்னால் வந்தவர் முன்னால் இருந்தவரை நான்கு ஆண்டுகளாகக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருக்கிறார். இதை என்னிடம் எழுத முடிந்ததைப் போல மனைவியிடம் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அவர் பதில் சொல்ல வேண்டும் என்பதுகூட இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூச்சு வாங்க முடியாத நிலையில் உங்கள் அக்கா கேட்டது அந்தக் கேசட்டை. 33 ஆண்டுகளுக்கு முன் அழுதுகொண்டிருந்த ஒரு சிறுவனுக்காகத் தன் கையால் செய்ததை. அதை நீங்கள் குற்றமாக மட்டும் நினைவில் வைத்திருப்பது அவருக்கு நியாயம் செய்வதாக இல்லை.

இனி மருமகள். கட்டாயம் அவளுக்குப் போட்டுக் காட்டுங்கள். தாயைப் பற்றி ஒரு பெண்ணுக்குத் தாய்மாமன் கொடுக்க வேண்டிய சீர் ஒன்று உண்டு என்றால் அது இதுதான். ஆனால், போடுவதற்கு முன் ஒரு விஷயத்தை அவளுக்கு விளக்க வேண்டும். அவள் தேடுவது தன் அம்மாவின் குரலை, சாப்பிடக் கூப்பிட்ட, பரீட்சைக்கு எழுப்பிவிட்ட, நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணின் குரலை. கேசட்டில் இருப்பது 16 வயதுப் பெண். தன்னைவிட இரண்டு வயது சின்னவள், நாய்க்குப் பாட்டு ஒலிபரப்பிச் சிரிப்பை அடக்க முடியாமல் திணறுகிறவள். முதலில் அவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கலாம், "இது என் அம்மா இல்லை" என்று தோன்றலாம். அதற்கு நீங்கள் தயாராக இருங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஏமாற்றம் குறையும். தான் ஒருபோதும் பார்த்திராத ஒரு பெண்ணை, இன்று இருந்தால் தன் தோழியாக இருந்திருக்கக்கூடிய ஒருத்தியை, அவள் சந்திப்பாள். அந்தச் சந்திப்பை நடத்திவைக்க உலகத்தில் இரண்டு பேரால்தான் முடியும், நீங்களும் உங்கள் அம்மாவும். அந்த ரயில் எது, அந்தப் பால் எந்த அடுப்பில் பொங்கியது, நாயின் நிறம் என்ன என்றெல்லாம் அவள் கேட்பாள். சொல்வதற்கு ஆள் இருக்கும்போதே அவள் கேட்கட்டும்.

கேசட்டை எங்கிருந்தாவது கடன் வாங்கிய பழைய பிளேயரில் நேராகப் போட்டுவிடாதீர்கள். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த பிளேயரில் ரப்பர் உருளை இறுகிப்போயிருக்கும். நாடாவை உள்ளே இழுத்துச் சுருட்டிவிடும். முதலில் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து, சின்னக் கண்ணாடி வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். உங்கள் ஊரின் ஈரமான கடல் காற்றில் வெள்ளைப் பூஞ்சை பூத்திருக்க வாய்ப்பு உண்டு. நாடா வெளியே தெரியும் விளிம்பில், நடுவில் ஒரு சின்னக் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும். அது விழுந்திருந்தால் ஒலி மங்கும், அதை மறுபடி ஒட்ட முடியும். பழைய திருமண வீடியோ நாடாக்களை மாற்றித் தருகிற ஸ்டுடியோக்களில் ஆடியோ கேசட்டும் செய்து தருவார்கள். கொடுத்துவிட்டு வராதீர்கள், பக்கத்திலேயே உட்காருங்கள். கேசட் ஓடும் நேரம் முழுவதும், ஒரு மணி நேரம், பதிவாகும். நீங்கள் முதலில் கேட்பது அங்கேயே நடந்துவிடும். மனைவியையும் அழைத்துப் போங்கள். ஒலியைச் சுருக்காத கோப்பாக வாங்கி, இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே செல்போனில் வைத்திருந்தது போன கதை உங்கள் வீட்டிலேயே ஒரு முறை நடந்துவிட்டது. அதற்குப் பிறகு, டிபன் டப்பாவில் இருப்பது நாடா மட்டும்தான். பயம் பாதி குறைந்துவிடும்.

உடல்நலம் பற்றியும் ஒரு வார்த்தை. துக்கம் இத்தனை நாளில் முடிய வேண்டும் என்று கணக்கு இல்லை. நீங்கள் கடை திறக்கிறீர்கள், பஸ் ஏறுகிறீர்கள், மருமகளின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறீர்கள். அதனால் உங்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அம்மாவைக் கவனியுங்கள். மாதக்கணக்கில் ஒழுங்காகச் சாப்பிடாமல், தூங்காமல் இருக்கிறாரா? "நானும் போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை" என்று அடிக்கடி சொல்கிறாரா? மகளின் பேச்சு வந்தால் எழுந்து போகிறாரா, அல்லது நாள் முழுவதும் அதிலேயே இருக்கிறாரா? அப்படியானால் தாமதிக்காமல் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். புதுச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. நள்ளிரவானாலும் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை (டெலி மானஸ்) இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம். அந்த எண் உங்களுக்கும்தான்.

அம்மாவுக்குக் கேசட்டை எப்போது போடுவது? எடுத்த எடுப்பில் வேண்டாம். அவர் அறியாமல் போட்டு, அவருடைய சொந்தக் குரல் சமையலறையிலிருந்து "பால் பொங்குகிறது பார்" என்று கேட்டால் அது அன்றைய பஸ்ஸைவிடக் கொடுமை. இப்படி ஒன்று இருக்கிறது, பேத்தி கேட்கிறாள் என்று அவரிடம் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் கேளுங்கள். அடுத்த அறையில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நீங்களும் மருமகளும் கேட்கலாமா என்றும் கேட்கலாம். வருவதும் வராமலிருப்பதும் அவர் விருப்பம்.

ஆனால், அதற்கெல்லாம் முன்னால், வருகிற சனிக்கிழமைக்கு முன், ஒரு சின்ன வேலை இருக்கிறது. அம்மா மாவரைக்கும் நேரத்தில் சமையலறைக்குப் போங்கள். அவர் முனகலை நிறுத்துவார். திரும்பி வந்துவிடாதீர்கள். ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து, "அது என்ன பாட்டு, அம்மா?" என்று கேளுங்கள்.